விடியற்காலைச் சூறைக்காற்று: மைஎன்வி, ரேடார் படம், டெலிகிராம் எச்சரிக்கை மூன்றும் கையில் எத்தனை நிமிடம் தருகின்றன?

சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஊர் தூங்கும்போதுதான் வரும். இரவில் சுமத்ரா மேலோ மலாக்கா நீரிணை மேலோ இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு கிழக்கே நகரும். சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸைத் தொடும்போது பெரும்பாலும் விடியற்காலையாக இருக்கும், இல்லாவிட்டால் வேலைக்குக் கிளம்பும் நேரம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இதன் காலம். காற்று வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் பதிவான 144.4 கிலோமீட்டர்தான் பதிவேட்டில் உள்ள உச்சம். எல்லாமே விடியலில் வரும் என்றும் இல்லை. 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலையில் அடித்த காற்று 83.2 கிலோமீட்டரைத் தொட்டது. பல இடங்களில் மரங்கள் சாய்ந்தன.

இதை முன்கூட்டிச் சொல்ல இங்கே மூன்று இலவசச் சேவைகள் உண்டு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலி, சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் இணையத்தளம், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் டெலிகிராம் சேனல். முன்னுரைப்பு பலித்ததா பலிக்கவில்லையா என்று மதிப்பெண் போடுவதில் பயனில்லை. தகவல் வந்த பிறகு, முதல் காற்று ஜன்னலை அறைவதற்குள் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? அந்த நிமிடங்களில் ஒரே ஆளால் எதைச் செய்து முடிக்க முடியும்? இந்த மதிப்புரைக்கு அளவுகோல் அதுதான்.

மைஎன்வி: பகலில் நல்ல துணை, இரவில் பாதித் துணை

செயலியைத் திறந்ததும் கண்ணில் படுவது அடுத்த இரண்டு மணி நேர முன்னுரைப்பு. தீவை 47 வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொற்றொடர் கொடுக்கிறார்கள். ஈசூனுக்கு ஒன்று, பிடோக்குக்கு ஒன்று. சிக்கல் அந்தச் சொற்றொடரில்தான். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலானால் “தண்டரி ஷவர்ஸ்” என்ற வரி தினமும் வந்து நிற்கும். ஒரு வாரம் பார்த்தவுடன் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். உங்களுக்கு வேண்டிய சொல் அதன் வாலில் இருக்கிறது. “ஹெவி தண்டரி ஷவர்ஸ் வித் கஸ்டி விண்ட்ஸ்” (பலத்த காற்றோடு கனத்த இடிமழை) என்று நீண்டிருந்தால் அது வேறு விஷயம். குடை எடுத்துப்போகச் சொல்லும் வரி இல்லை அது. ஜன்னலை மூடித் துணி காயும் கொடிக்கழியை உள்ளே இழுக்கச் சொல்லும் வரி.

பலத்த மழை எச்சரிக்கை தனியாகத் திரையில் வந்து விழும். தீவின் எந்தப் பகுதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று சுருக்கமாக இருக்கும். அது வரும்போது மழை வாசலில் நிற்கும். அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிமழையின் இயல்பு அப்படி, செயலியைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. பிற்பகலில் வெயில் தரையைச் சுட்டு, கடற்காற்றுகள் நடுத்தீவில் முட்டிக்கொள்ளும்போது மேகம் அதே இடத்தில் முளைத்து, வளர்ந்து, கொட்டித் தீர்த்துவிடும். எங்கிருந்தோ நகர்ந்து வருவதில்லை. அதனால் ரேடாரிலும் அது முன்கூட்டித் தெரியாது.

எச்சரிக்கையே வருவதில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் தங்கள் கைப்பேசியைச் சோதிப்பது நல்லது. ஆண்ட்ராய்டு பேசிகள் மின்கலத்தை மிச்சப்படுத்த, அடிக்கடி திறக்காத செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அமைப்புகளுக்குள் போய் மைஎன்விக்கு மின்கலக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இருப்பிட அனுமதி “செயலி திறந்திருக்கும்போது மட்டும்” என்றிருந்தால் நீங்கள் போகும் இடத்துக்கு ஏற்ற தகவல் பின்னணியில் வராது. வீடு, வேலையிடம், பிள்ளையின் பள்ளி இருக்கும் வட்டாரங்களைக் கையால் சேர்த்துவிடுவதே நம்பகமான வழி.

இவ்வளவும் செய்தாலும் விடியற்காலை நாலரை மணி எச்சரிக்கையால் பயனில்லை. பேசி ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் இருக்கும், நீங்களும் அப்படித்தான். ஆகவே சூறைக்காற்றுக்கான எச்சரிக்கையை முதல் நாள் இரவு பத்து மணிக்கு நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். செயலியில் 24 மணி நேர முன்னுரைப்பு பொழுது பொழுதாகப் பிரித்து, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்து பகுதிகளுக்கும் இருக்கும். விடியும்வரை உள்ள இரவுக் கட்டத்தையும் காலைக் கட்டத்தையும் பாருங்கள். அங்கே மேற்குக்கும் நடுப்பகுதிக்கும் இடிமழைச் சின்னம் இருந்து, பிற்பகல் கட்டம் வெறும் மேகமூட்டமாக இருந்தால், சூறைக்காற்று வர வாய்ப்புள்ள இரவு என்று எடுத்துக்கொள்ளலாம். பல் துலக்கப் போகுமுன் அரை நிமிட வேலை. செயலி தரும் எல்லா வசதிகளிலும் உயிருக்கும் உடைமைக்கும் அதிகம் உதவுவது இதுதான். ஆனால் இதற்காகச் செயலியைத் திறப்பவர்கள் குறைவு. பலரும் அதில் டெங்கிக் குழுமம் எங்கே இருக்கிறது, எந்த உணவங்காடி துப்புரவுக்கு மூடியிருக்கிறது என்று பார்ப்பதோடு சரி.

ரேடார் படம்: மூன்றில் முதலிடம்

வானிலை ஆய்வகத்தின் தளத்தில் மழைப்பகுதிப் படங்கள் பல வீச்சுகளில் உண்டு. தீவை மட்டும் காட்டும் படத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சூறைக்காற்றுக்கு அது உதவாது. நிறம் அந்தப் படத்துக்குள் நுழையும்போது காற்று ஜூரோங்கில் இருக்கும். 240 கிலோமீட்டர் படத்தைத் திறங்கள். சுமத்ராவின் கிழக்குக் கரை, மலாக்கா நீரிணை, ஜொகூர் எல்லாம் அதில் அடங்கும்.

தேட வேண்டியது ஒரு வடிவம். வடக்கு தெற்காக நீண்டு, கிழக்குப் பக்கம் வில்லாக வளைந்த பட்டை. முன் விளிம்பில் சிவப்பு, மஞ்சள். பின்னால் பச்சையும் நீலமும் அகலமாக இழுபடும். புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடந்தால் அது சாதாரண இடிமழை. வில்லாகக் கோத்துக்கொண்டு வந்தால் சூறை.

அடுத்தது கணக்கு, பள்ளிக்கூடக் கணக்குதான். படத்தில் பட்டையின் முன்விளிம்பு இப்போது எங்கே, அரை மணி முன்பு எங்கே என்று பாருங்கள். 25 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 50. விளிம்புக்கும் துவாஸுக்கும் இன்னும் 75 கிலோமீட்டர் இருந்தால் துவாஸை எட்ட ஒன்றரை மணி நேரம். தீவின் மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆக, அதே காற்று சாங்கியை எட்ட மேலும் ஒரு மணி நேரம் ஆகும். கிழக்கே இருப்பவர்களுக்கு இது கொடுப்பினை. பூன் லேயில் இருப்பவருக்கு இல்லாத அரை மணி நேரம் தெம்பனிஸ்காரருக்குக் கிடைக்கிறது.

இந்தக் கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரேடார் காட்டுவது மழையை. காற்று அதில் தெரியாது. மழைப்பட்டையின் அடியிலிருந்து சரிந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி, மழைக்கு முன்னே ஓடிவரும். புழுக்கமாக இருந்த இடத்தில் திடீரென்று சில்லென்ற காற்று வீசி, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அதுதான் அந்த முன்காற்று. ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. வந்த விடையில் பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டு மீதத்தைத்தான் உங்கள் நேரமாக நினைக்க வேண்டும். தவிர, பட்டை நீரிணையிலேயே வலுவிழந்து வெறும் தூறலாக வந்து சேர்வதும் உண்டு. முன்விளிம்பில் சிவப்பு மங்கிக்கொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது.

நிமிடக் கணக்கில் பார்த்தால் இந்தப் படத்தை மிஞ்ச எதுவும் இல்லை. குறை ஒன்றே: படம் தானாக எழுந்து உங்களைக் கூப்பிடாது.

மின்னலுக்குச் செயலியை நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்களில் எங்காவது இடி கேட்கும் தீவு இது. வானிலை ஆய்வகத்தின் தளத்தில் மின்னல் வரைபடம் உண்டு. மேகத்துக்குள் அடித்தது, தரையில் இறங்கியது என்று பிரித்துக் காட்டும். விவரமான படம்தான், ஆனால் அது நடந்து முடிந்ததன் பதிவு. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருப்பவர் பையைத் திறந்து, பேசியை எடுத்து, பக்கம் விரியும்வரை காத்திருப்பதைவிடக் காதை நம்புவது விரைவு.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். மழை நின்றதைக் கணக்கில் எடுக்கக்கூடாது, ஏனென்றால் மின்னல் மழைப்பட்டையை விட்டு வெகுதூரம் தள்ளியும் இறங்கும். தேசிய சேவை ஆற்றியவர்களுக்கு “கேட் ஒன்” என்ற ராணுவத்தின் மின்னல் எச்சரிக்கைப் பெயரே போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பொது நீச்சல் குளங்களில் எல்லோரையும் கரையேற்றும் அபாய ஒலியும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. “வெயில்தானே அடிக்கிறது” என்று உயிர்காப்பாளரிடம் வாதாடுவது வீண்.

உள்ளே போவது என்றால் எங்கே? புளோக்கின் கீழ்த்தளம் நல்ல இடம். மேலே உள்ள கட்டடத்துக்கு இடிதாங்கி உண்டு. ஓரத்தில் நிற்காமல் நடுவே, தூண்களைத் தொடாமல் நில்லுங்கள். பேருந்து நிறுத்தக் கூரையும் இரு புளோக்குகளுக்கு இடையிலான மூடிய நடைபாதையும் மழைக்கு மட்டுமே. கூரையுள்ள கார், பேருந்து பாதுகாப்பானவை. சுற்றிலும் உள்ள உலோக உடல் மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும். ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் மழைமறைப்பு கட்டாயமாகிவிட்டது. அது நனையாமல் காக்கும், அவ்வளவுதான். மேலே கேன்வாஸ் மட்டும் விரித்த லாரியைக் காரின் உலோகக் கூட்டுக்குச் சமமாக எண்ணக்கூடாது. இடி நெருங்கினால் ஆள்களை இறக்கிக் கட்டடத்துக்குள் அனுப்புவதே சரி. மேற்பார்வையாளர்கள் இதில் அவசரம் காட்டக்கூடாது.

விரைவுச்சாலைகளில் மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார்சைக்கிளோட்டிகள் ஒதுங்கத் தனி இடங்கள் பல உள்ளன. கோடு போட்ட அந்த இடத்துக்குள் முழுமையாக நிறுத்துங்கள். சாலையோர வெள்ளைக் கோட்டில் நின்று மழைச்சட்டை போடுபவரைப் பின்னால் வரும் லாரியோட்டியால் அந்த மழையில் பார்க்க முடியாது.

திடீர் வெள்ளம்: டெலிகிராம் சேனல்

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கைச் சேனல் அலங்காரம் இல்லாத சேவை. பலத்த மழை வரப்போகிறது, இன்ன இடத்தில் திடீர் வெள்ள அபாயம், இன்ன இடத்தில் வெள்ளம் ஏற்பட்டிருக்கிறது அல்லது வடிந்துவிட்டது என்று மூன்று வகைச் செய்திகள் வரும். இரண்டாவது வகைதான் தங்கம். கால்வாயில் உள்ள உணர்கருவி நீர் ஏறுவதைக் கண்டதும், சாலைப் பெயரோடு “அடுத்த ஒரு மணி நேரம் இங்கே வராதீர்கள்” என்று சொல்லும். நீர்மட்டம் கால்வாயின் கொள்ளளவில் 75 விழுக்காடு வரை பச்சை, அதிலிருந்து 90 வரை மஞ்சள், அதற்குமேல் சிவப்பு. உங்கள் வீட்டருகே உள்ள உணர்கருவியைத் தேர்ந்து குறுஞ்செய்தியாகவும் பெறலாம்.

75 விழுக்காடு என்றால் இன்னும் கால்பங்கு இருக்கிறதே என்று எண்ணக்கூடாது. இங்கே பெய்யும் மழையில் கால்வாய் படிப்படியாக நிரம்புவதில்லை, ஒரேயடியாக நிரம்புகிறது. மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஒரு கோப்பி ஆறும் நேரம்கூடத் தேவைப்படாமல் போகலாம். நிலத்தடிக் கார்நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுக்க வேண்டியவர் மஞ்சளிலேயே எழுந்து போக வேண்டும்; சிவப்பு வந்த பிறகு இறங்கவே கூடாது.

இந்தச் சேனலை அமைதிப்படுத்தி வைத்திருப்பவர்கள் அதிகம், மழைக்காலத்தில் செய்தி குவிந்துவிடுவதால். வாகனம் ஓட்டுபவர்கள் ஒலியை விட்டுவைப்பது நல்லது. சாலையில் நீர் நிற்கும்போது நடைபாதையின் விளிம்புக்கல் தெரிகிறதா என்று பாருங்கள். மூழ்கியிருந்தால் திரும்பிவிடுங்கள். 30 சென்டிமீட்டர் ஓடும் நீர் சிறிய காரைத் தூக்கி நகர்த்தப் போதும். நடப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து: கலங்கிய நீருக்கடியில் திறந்த வடிகால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, நீரின் அழுத்தத்தில் சாக்கடை மூடியும் இடம் மாறியிருக்கலாம்.

1970களில் 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாய நிலம் இன்று 30 ஹெக்டருக்கும் குறைவு. ஆனாலும் 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு பூமலைக்கு அருகே 38,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத்தொட்டியைக் கட்டினார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்போது கவலை வேறு. காற்று அவ்வளவாக இருக்காது, ஆனால் கடல் ஏற்றத்தோடு மழை சேர்ந்தால் கால்வாய் நீர் கடலுக்கு இறங்க வழியில்லாமல் நிற்கும். தாழ்வான பகுதிக் கடைக்காரர்கள் அந்த வாரங்களில் முன்னுரைப்போடு ஏற்ற நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் கிடைத்த நிமிடங்களில்

இருபது நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முதல் வேலை கொடிக்கழி. ஈரத்துணி தொங்கும் மூங்கில் கழி, காற்றில் பாய்மரம்போல் இழுபடும். குழாய்க்குள் செருகி வைக்கும் பழைய வகையில் கழியை மேல்நோக்கித் தூக்கிவிடக் காற்றுக்கு அதிக பலம் வேண்டியதில்லை. துணியை மட்டும் எடுத்துவிட்டுக் கழியை விட்டுவைக்காதீர்கள், இரண்டையும் உள்ளே இழுங்கள். காற்று ஏற்கனவே தொடங்கிவிட்டிருந்தால் எட்டி இழுக்க முயலாமல் விட்டுவிடுங்கள். சட்டை போனால் போகட்டும்.

அடுத்தது ஜன்னல், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னலை மேலும் கீழும் இரண்டு எஃகுத் தாங்கிகள் பிடித்திருக்கும். தாங்கியைச் சட்டத்தோடு இணைப்பவை ரிவெட்டுகள், சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இல்லாத தலைகள். பழைய வீடுகளில் அவை அலுமினியம். எஃகும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் மழையீரம் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப்பொடி பூத்திருப்பது அதன் அடையாளம். வெளியே பார்க்க முழுதாகத் தெரியும் தலைக்குக் கீழே தண்டு மெலிந்துபோயிருக்கும். பத்து வருடம் சும்மா இருந்த ஜன்னல் ஒரு விடியற்காலையில் ஏன் பெயர்ந்து விழுகிறது என்பதற்கு இதுதான் விடை. 2004லிருந்து துருப்பிடிக்காத எஃகு ரிவெட் கட்டாயம். மாற்றாமல் விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பராமரிக்காத ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி, ஓராண்டு வரை போகும்.

சோதிப்பது எளிது. கதவைப் பாதி திறந்து, உள்ளே நின்றபடியே கைப்பிடியைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தாலோ, மூடும்போது கீழ்முனை சட்டத்தில் உரசினாலோ, திருகாணி ஒன்று காணாமல் போயிருந்தாலோ நீங்களே சரிசெய்ய முயலாமல் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகையாளரைக் கூப்பிடுங்கள். எப்போதாவது கூலிக்கு வருபவர் பழைய ரிவெட்டைத் தட்டி இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அது மெலிந்த தண்டை இன்னும் மெலிய வைக்கும். சறுக்கு ஜன்னலில் இரண்டு கேள்விகள்தான்: தடத்தின் முனையில் பாதுகாப்புத் தடுப்பான் இருக்கிறதா, மேலே கோணத்தகடு இருக்கிறதா? தடத்தில் மண்ணும் முடியும் அடைந்திருந்தால் கதவு ஏறிக் குதித்துத் தடம் மாறும். பழைய பல்துலக்கி ஒன்று போதும் சுத்தப்படுத்த.

அதன்பின் மின்சாரம். தொலைக்காட்சி, கணினியின் செருகிகளை இடி நெருங்குவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். மின்னல் தலைக்குமேல் வந்த பிறகு செருகியைத் தொடுவது தவறான நேரம். இணைய இழையில் மின்சாரம் பாயாது, ஆகவே பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வந்த தொல்லை இன்று இல்லை. ஆனால் இணையப் பெட்டியின் மின்னேற்றி சுவரில்தான் செருகியிருக்கிறது, மறந்துவிடக் கூடாது.

கடைகளில் “சர்ஜ் புரொடெக்டர்” என்று விற்கும் பலமுனைச் செருகுப்பலகைகள் பற்றி ஒரு வார்த்தை. சேஃப்டி மார்க் முத்திரை இல்லாததைக் கையில்கூட எடுக்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு சிறிய வட்ட வில்லை. மின்னழுத்தம் அளவு மீறும்போது அதிகப்படியைத் திசைதிருப்பும். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்து முடிந்த பிறகும் பலகை வழக்கம்போல மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. “புரொடெக்டட்” விளக்கு அணைந்திருந்தால் அது இனி சாதாரணப் பலகை, நீங்கள் கொடுத்த கூடுதல் காசு தீர்ந்துவிட்டது. அந்த விளக்கே இல்லாத பலகையை வாங்குவதில் பொருளில்லை. நேரடி மின்னலை எந்தப் பலகையும் தாங்காது. செருகியைப் பிடுங்குவதே இன்னும் நல்ல பாதுகாப்பு, விலையும் இல்லை.

காற்று ஓய்ந்த பின் வீடு இருட்டாக இருந்து, பக்கத்து வீட்டில் வெளிச்சம் தெரிந்தால் உங்கள் ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) விழுந்திருக்கும். 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் இந்தச் சாதனம் 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் இருந்தாக வேண்டும். உலர்ந்த கையால் ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். மீண்டும் விழுந்தால் மல்லுக்கட்டாமல் எல்லாச் சிறு துண்டிப்பான்களையும் கீழே இறக்கி, ஆர்சிசிபியை மேலேற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரியில்தான் ஈரம். பெரும்பாலும் வெளியே இருக்கும் ஏர்கான் பெட்டியின் சுவிட்சாக இருக்கும். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். விடியற்காலையில் விழுந்ததை மாலைவரை கவனிக்காவிட்டால் உறைபெட்டியில் இருக்கும் மீனும் கோழியும் போய்விடும்.

கடைவீட்டுக்காரர்களுக்கு மட்டும்

தாழ்வான இடத்தில் உள்ள பழைய கடைவீடுகளுக்கு வாசலில் செருகும் வெள்ளத்தடுப்புப் பலகைகள் பற்றிப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் ஆலோசனையும் உதவியும் கேட்கலாம்; காற்றடைத்த தடுப்புப் பைகளும் புழக்கத்தில் உள்ளன. நல்ல சாதனம்தான், ஆனால் மூன்று இடங்களில் தோற்கும். முதலாவது, தரையில் பதித்த காடி. சிகரெட் துண்டும் மணலும் நிரம்பியிருந்தால் பலகை அரை விரல் அளவு உயர்ந்து நிற்கும், நீர் அந்த இடைவெளியில் நுழையும். வாரம் ஒருமுறை கம்பியால் கீறி விடுங்கள். இரண்டாவது, ரப்பர் விளிம்பு. வெயிலில் வெடித்துப்போனதைக் கையால் அழுத்தினாலே தெரியும். மீண்டு எழாவிட்டால் மாற்ற வேண்டும். மூன்றாவதைப் பலர் நினைப்பதே இல்லை. வாசலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும், சாலை வடிகால் நிரம்பினால் நீர் பின்புறக் கழிவறைத் துளை வழியாக உள்ளிருந்தே ஏறும். அந்தக் குழாயில் நீரைத் திரும்பி வர விடாத வால்வு இல்லாவிட்டால் முன்பலகை வெறும் அலங்காரம்.

இன்னொன்றும் உண்டு. கடை பூட்டியிருக்கும் நேரத்தில் பலகையை யார் போடுவது? மழைப்பருவத்தில் இரவு கடை சாத்தும்போதே போட்டுவிட்டுப் போவதுதான் வழி. காலையில் பத்து நிமிடம் கூடுதல் வேலை, முதுகும் வலிக்கும். பலகையை இரண்டு துண்டாகப் பிரித்து வாங்கினால் ஒருவரே தூக்கலாம். நடுவில் வரும் இணைப்புக் கம்பத்துக்கும் தனி ரப்பர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.